சமையலே தெரியாதவர் முதலில் எந்தப் புத்தகம் வாங்கலாம்? (கோலாலம்பூர்)

செந்தூல்_வாசி | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27. செந்தூல்ல வாடகை வீடு. நாலு மாசமா அப்பா என்னோடதான் இருக்காரு. அம்மா இருந்தவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் அடுப்பைத் தொட்டதே இல்ல. இப்போ காலைல பசியாறுறதுலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடைச் சாப்பாடுதான். அப்பாவுக்கு இனிப்பு நீரும் (சர்க்கரை வியாதி) இருக்கு, ரத்தக் கொதிப்பும் இருக்கு. உப்பையும் எண்ணெயையும் குறைங்கன்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. கடையில போய் அதை எப்படிச் சொல்றது? நானே சமைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

போன வாரம் ஒரு புத்தகம் வாங்கினேன். 58 வெள்ளி. 200 சமையல் குறிப்பு, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். அதைப் பார்த்து சாம்பார் வெச்சேன். பருப்பு, காய், புளித்தண்ணி எல்லாத்தையும் ஒண்ணா போட்டு வேக விடச் சொல்லியிருந்துச்சு. என்கிட்ட குக்கர் இல்ல, சாதாரணப் பானைதான். ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, துவரம் பருப்பு இன்னும் பல்லுல கடிபடுது. அப்பா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டு எழுந்தாரு. எனக்குத்தான் தாங்கல.

ஒவ்வொரு குழம்பையும் மனப்பாடம் பண்ண ஆசையில்ல. அடிப்படை தெரியணும். ஏன் முதல்ல இது, அப்புறம் அது? எப்போ இறக்குறது? அதைச் சொல்லித் தர்ற புத்தகம் இருந்தா சொல்லுங்க. தமிழ், மலாய், இங்கிலீஷ் எதுவா இருந்தாலும் சரி.

---

பூச்சோங்_பையன் | சனி, இரவு 10.05

புரோ, இந்தக் காலத்துல எதுக்குப் புத்தகம்? யூடியூப்ல எல்லாமே இருக்கு, காசும் மிச்சம். நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப அப்படித்தான் கத்துக்கிட்டேன். சாம்பார்னு தேடினா ஆயிரம் வரும்.

---

செந்தூல்_வாசி | சனி, இரவு 10.20

பார்த்தேன் புரோ. ஒருத்தர் வெங்காயம் போடுறாரு, வீடியோவை வெட்டிடுறாங்க, அடுத்த நொடி பொன்னிறமா இருக்கு. எனக்கு வேண்டியது அந்த வெட்டுன இடத்துலதான் இருக்கு.

---

ஆயர்ஈத்தாம்_டீச்சர் | ஞாயிறு, காலை 7.15

தம்பி, வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். இடைநிலைப்பள்ளியில் பல வருடம் வாழ்வியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதனால் உரிமையோடு கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாம்பார் வேகாததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. புளிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பு மசியாது. முதலில் பருப்பை மஞ்சளோடு வெறும் தண்ணீரில் குழைய வேக வைத்து எடுத்துவிட்டு, பிறகுதான் புளித்தண்ணீரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த ஒரு வரியைச் சொல்லாத புத்தகம் புதிதாகச் சமைப்பவருக்கு உதவாது, 200 குறிப்பு இருந்தாலும் சரி.

புத்தகம் தேர்ந்தெடுக்க நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி ஒன்று இருக்கிறது. கடையில் நின்றபடியே ஏதாவது ஒரு குழம்பின் பக்கத்தைத் திறந்து, வெங்காயம் வதக்கும் வரியைத் தேடுங்கள். "வெங்காயத்தை 2 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்" என்று இருந்தால் மூடி வைத்துவிடுங்கள். இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து நடுத்தரத் தீயில் போட்டால் இரண்டு நிமிடத்தில் வாடக்கூட வாடாது. கண்ணாடி மாதிரி ஆகவே நாலைந்து நிமிடம் பிடிக்கும். பொன்னிறத்துக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். எழுதியவர் அடுப்பின் முன் நின்று எழுதினாரா, மேசையில் உட்கார்ந்து எழுதினாரா என்பது இந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

நல்ல புத்தகம் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் அடையாளம் சொல்லும். வெங்காயம் விழுந்ததும் சத்தம் பெரிதாகக் கேட்கும், அது உள்ளே இருக்கும் தண்ணீர். சத்தம் அடங்க அடங்கத் தண்ணீர் போகிறது. ஓரங்கள் முதலில் நிறம் மாறும், வாசம் காரத்திலிருந்து இனிப்புக்குத் திரும்பும். இப்படி எழுதியிருந்தால், அது எந்த மொழிப் புத்தகமானாலும் வாங்குங்கள்.

இன்னொன்று. நம் மொழியில் சமையல் வினைகள் ஒவ்வொன்றும் ஒரு தொழில்நுட்பம். வறுப்பது வேறு, வதக்குவது வேறு, பொரிப்பது வேறு, தாளிப்பது வேறு. மல்லியை வறுக்கிறோம்: எண்ணெய் இல்லாமலோ ஒரு சொட்டு விட்டோ, ஈரம் போய் மணம் எழும் வரை. கத்தரிக்காயை வதக்குகிறோம்: கொஞ்சம் எண்ணெயில், அதன் ஈரத்திலேயே சுருளும் வரை. அப்பளத்தைப் பொரிக்கிறோம்: எண்ணெயில் முங்கவிட்டு. தாளிப்பில் எண்ணெய்தான் பாத்திரம், கடுகு முழுசாக வெடித்து அடங்கிய பிறகே உளுந்து, அது சிவக்கத் தொடங்கும்போது மிளகாய், கடைசியில் கறிவேப்பிலை. முறை மாறினால் உளுந்து கருகிக் கடுகு பச்சையாக நிற்கும். இந்த நான்கையும் கலந்துகட்டி "ஃப்ரை செய்யவும்" என்று எழுதுகிற புத்தகத்தை நான் பிள்ளைகள் கையில் கொடுத்ததில்லை.

"பச்சை வாசனை போக" என்பதையும் யாராவது உங்களுக்கு விளக்கியிருக்கிறார்களா?

---

செந்தூல்_வாசி | ஞாயிறு, காலை 8.02

டீச்சர், ரொம்ப நன்றி. யாரும் விளக்கல. என் புத்தகத்துல அந்த வார்த்தை பக்கத்துக்கு ரெண்டு தடவை வருது, ஆனா எனக்கு எந்த வாசனை பச்சை, எது வெந்ததுன்னு தெரியல. இப்போதான் வெங்காய வரியைத் தேடிப் பார்த்தேன். "3 நிமிடம்" னு இருக்கு.

---

ரவாங்_வாசகன் | ஞாயிறு, காலை 9.30

டீச்சர் சொன்ன பருப்பு விஷயத்துக்குக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிடறேன், காரணம் தெரிஞ்சா மறக்காது. பருப்போட செல் சுவர்ல பெக்டின்னு ஒரு பொருள் பசை மாதிரி பிடிச்சிக்கிட்டு இருக்கு. அது கரைஞ்சாதான் பருப்பு குழையும். புளிப்பு அதைக் கரைய விடாது. தக்காளி அதிகமா போட்டுப் பருப்பை வேக வெச்சாலும் இதேதான் நடக்கும். இதையே திருப்பிப் பயன்படுத்தலாம்: உருளைக்கிழங்கு குழம்புல கரைஞ்சு போகக்கூடாதுன்னா புளித்தண்ணியில வேக விடுங்க, உருவம் நிக்கும்.

பச்சை வாசனைக்கும் காரணம் இருக்கு. அரைச்ச மசாலாவுல தண்ணி இருக்கிறவரைக்கும் சட்டியில சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அது வேகுறது, அவ்வளவுதான். தண்ணி வத்தின பிறகுதான் சூடு ஏறி, 140 டிகிரி கிட்ட போகும்போது நிறமும் வறுத்த மணமும் வருது. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912-ல இதை விவரிச்சதால அவர் பேர்லயே மையார் வினைன்னு சொல்றாங்க. தண்ணி போனதும் மசாலா எண்ணெயைப் பிடிச்சு வெச்சிருக்க முடியாம ஓரத்துல விட ஆரம்பிக்கும். நாம "எண்ணெய் பிரிஞ்சு வரணும்"னு சொல்றதும், மலாய்க்காரங்க சம்பால் (மிளகாய் விழுது) வதக்கும்போது "பெச்சா மிஞ்ஞாக்"னு சொல்றதும் இதைத்தான்.

புத்தகம்னு கேட்டா, இங்கிலீஷ்ல சமின் நோஸ்ராட் எழுதின 'சால்ட் ஃபேட் ஆசிட் ஹீட்', 2017-ல வந்தது. உப்பு, கொழுப்பு, புளிப்பு, சூடு. இந்த நாலும் எப்படி வேலை செய்யுதுன்னு முதல் பாதி முழுக்க விளக்கம், அப்புறம்தான் குறிப்புகள். போட்டோ கிடையாது, எல்லாம் கையால வரைஞ்ச படம். அதுல சாம்பார் தேடாதீங்க. ஆனா உப்பை எப்போ போடணும், கடைசியில கொஞ்சம் புளிப்பு விட்டா சுவை எப்படித் தூக்கும்னு படிச்ச பிறகு எங்க வீட்டு மீன் குழம்பே மாறிப்போச்சு. உங்க அப்பாவுக்கு உப்பு குறைக்கணும்ல, இறக்கின பிறகு அரை எலுமிச்சை பிழிஞ்சு பாருங்க. உப்பு குறைஞ்சது நாக்குக்கு அவ்வளவா தெரியாது.

---

பிரிக்பீல்ட்ஸ்_மாஸ்டர் | ஞாயிறு, மதியம் 3.45

மதிய கூட்டம் இப்பதான் முடிஞ்சது. வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில 22 வருசமா நிக்கிறேன். நான் புத்தகம் பார்த்துக் கத்துக்கல தம்பி, மூணு வருசம் வெங்காயம் உரிச்சுத்தான் கத்துக்கிட்டேன். உங்களுக்கு அந்த மூணு வருசம் கிடையாது, அதனால புத்தகம் வேணும்தான்.

எந்தப் புத்தகமானாலும் கத்தி பிடிக்கிறதும் காய் அரியுறதும் முதல் பக்கங்கள்ல இருக்கான்னு பாருங்க. ஒரே அளவா அரிஞ்சாதான் ஒரே நேரத்துல வேகும். புதுசா வர்ற பையன்களுக்கு நான் காட்டுற முதல் பாடம் அதுதான்.

அடுத்தது, சட்டியை நிரப்பாதீங்க. குவாலியில ஒரு பிடி கோழி போட்டா சிவக்கும். ஒரு கிலோ போட்டா தண்ணி விட்டு அவிஞ்சு போகும். பினாங்குல சார் குவே தியாவ், அதாவது பட்டை அரிசி நூடுல்ஸ் வறுவல், போடுறவங்க ஏன் ஒவ்வொரு தட்டா போடுறாங்க? வரிசை கட்டி நின்னாலும் அவங்க சேர்த்துப் போட மாட்டாங்க. சூடு இறங்கிடும்.

மீன் ஒட்டுதுன்னு சொல்வீங்க. கெம்போங் மீனைக் கழுவி, துணியில நல்லா ஈரம் ஒத்தி எடுத்து, மஞ்சள் உப்பு தடவுங்க. எண்ணெய் காஞ்ச பிறகு போடுங்க. போட்டதும் கரண்டியால கிண்டாதீங்க. அடிப்பக்கம் வெந்து தோல் இறுகினதும் அதுவே சட்டியை விட்டுடும். அந்த நேரம் வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுதான் கஷ்டம்.

---

சௌராஸ்தா_வாசகி | ஞாயிறு, மாலை 6.10

அண்ணன் சொன்ன குவே தியாவ் விஷயம் நூத்துக்கு நூறு உண்மை.

பழைய புத்தகம் வாங்க யோசித்தால் ஒரு தடவை பினாங்குக்கு வாங்க தம்பி. ஜியார்ஜ்டவுன் சௌராஸ்தா பசார் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கேதான் டிலியா ஸ்மித்தின் 'ஹவ் டு குக்' முதல் புத்தகத்தை 15 வெள்ளிக்கு எடுத்தேன். 1998-ல் இங்கிலாந்தில் வந்தது. முதல் அத்தியாயமே முட்டை. முட்டை வேக வைக்க ஒரு அத்தியாயமா என்று அப்போது அங்கே சிலர் குறை சொன்னார்களாம். எனக்கு அதுதான் கைகொடுத்தது. கொதிக்கிற தண்ணீரில் இறக்கி 7 நிமிடத்தில் எடுத்தால் என்ன, 10 நிமிடம் விட்டால் என்ன என்று வரிசையாக வைத்து வெட்டிப் பார்த்த அன்றுதான், நேரமும் சூடும் ஒரு பொருளை என்ன செய்கின்றன என்று கண்ணால் கண்டேன். ஆறு முட்டை, இரண்டு வெள்ளி சொச்சம், அதைவிட மலிவான பாடம் கிடையாது.

தமிழில் என்றால் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்'. 1951-ல் முதல் பாகம் வந்தது, எங்கள் பாட்டியிடம் இருந்து எனக்கு வந்திருக்கிறது. முழுக்க சைவம். பக்குவம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வது போலவே எழுத்து இருக்கும். ஆனால் என் கையில் இருக்கும் பழைய பதிப்பில் அளவெல்லாம் ஆழாக்கு, பலம். படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. அதை வைத்துக்கொண்டு தொடங்கினால் சமைப்பதைவிடக் கணக்குப் போடுவதே வேலையாகிவிடும். கிராம் கணக்கு போட்ட பதிப்பு கிடைத்தால் எடுங்கள். அல்லது இரண்டாவது புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஆயர்ஈத்தாம்_டீச்சர் | ஞாயிறு, இரவு 8.30

அளவு பற்றிச் சொன்னது நல்லதாயிற்று. நம் ஊரில் இதுதான் பெரிய குழி, ஏனென்றால் நம் அலமாரியில் நாலு நாட்டுப் புத்தகம் இருக்கிறது.

அமெரிக்கப் புத்தகத்தில் ஒரு கப் என்றால் ஏறக்குறைய 237 மில்லி. ஆஸ்திரேலியப் புத்தகத்தில் 250. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் வெறும் 180. பலர் அந்தக் கப்பை வைத்தே மாவும் தண்ணீரும் அளந்துவிட்டுப் புத்தகத்தைக் குறை சொல்கிறார்கள். மேசைக்கரண்டி என்பது மற்ற இடங்களில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. இங்கே பழைய மலாய்ப் புத்தகங்களில் காத்தியும் தாஹிலும் இருக்கும். ஒரு காத்தி 600 கிராமுக்குச் சற்றுக் கூட, அதில் 16 தாஹில்.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் "எலுமிச்சை அளவு புளி" என்று வரும். நம் பிள்ளைகள் பசாரில் பார்க்கிற லிமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சை கோலிக்குண்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதை மனதில் வைத்துப் புளி எடுத்தால் ரசம் சப்பென்று இருக்கும். என் வீட்டு எலுமிச்சை அளவை ஒருநாள் தராசில் வைத்தேன், 30 கிராம் வந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் 30 கிராம் என்றே சொல்கிறேன். வெங்காயமும் அப்படித்தான்: "2 வெங்காயம்" என்றால் பம்பாய் வெங்காயமா, சின்ன வெங்காயமா?

ஆகவே கிராமில் எழுதியிருக்கும் புத்தகமாகப் பாருங்கள். 30 வெள்ளிக்குள் ஒரு சின்ன மின் தராசு வாங்கிவிடுங்கள். புத்தகம் வாங்குவதற்கு முன்பே அதை வாங்கினாலும் தவறில்லை.

பிறகு, புத்தகத்தில் பென்சிலால் எழுதுங்கள் தம்பி. அவர் அடுப்பு வேறு, உங்கள் அடுப்பு வேறு. கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) எரியும் அடுப்புக்கும் இண்டக்ஷனுக்கும் ஒரே நிமிடக் கணக்கு வராது.

---

பூச்சோங்_பையன் | ஞாயிறு, இரவு 9.15

டீச்சர், நான் முதல்ல சொன்னதைக் கொஞ்சம் மாத்திக்கிறேன். இன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி வெங்காயத்தை நேரம் வெச்சுப் பார்த்தேன். 14 நிமிஷம். அஞ்சு வருஷமா நான் பாதி வெந்த வெங்காயத்துலதான் குழம்பு வெச்சிருக்கேன் போல.

ஆனா ஒண்ணு சொல்றேன்: ரொட்டி மாவு பிசையுறது, கத்தி பிடிக்கிறது இதையெல்லாம் எழுத்துல படிச்சுப் புரியாது, பார்த்தாதான் வரும். புத்தகத்துல படிச்சிட்டு அந்த ஒரு அசைவை மட்டும் வீடியோவுல தேடலாம்ல?

---

பிரிக்பீல்ட்ஸ்_மாஸ்டர் | ஞாயிறு, இரவு 11.50

அது சரியான யோசனை. ரொட்டி சானாய் வீசுறதை எந்தப் புத்தகமும் சொல்லித் தர முடியாது.

---

ரவாங்_வாசகன் | திங்கள், காலை 8.20

வாங்குறதுக்கு முன்னாடி நூலகத்துல பாருங்க புரோ. செந்தூல்லேர்ந்து டத்தாரான் மெர்டேக்கா பக்கத்துல இருக்கிற கோலாலம்பூர் நூலகம் தூரமில்ல. ஜாலான் துன் ரசாக்ல தேசிய நூலகமும் இருக்கு. நாலஞ்சு புத்தகத்தை மேசையில பரப்பி, எல்லாத்துலயும் டீச்சரோட வெங்காய வரியைத் தேடிப் பாருங்க. மலாய் சமையல் புத்தகம் எடுத்தா "செசுக்குப் ராசா"ன்னு எத்தனை தடவை வருதுன்னும் பாருங்க. ருசிக்கு ஏத்த அளவுன்னு அர்த்தம். ருசி பழகாதவனுக்கு அந்த வரி ஒண்ணும் சொல்லாது. உப்புக்கு முதல்ல ஒரு அளவு கொடுத்துட்டு, அப்புறம் ருசி பாருன்னு சொல்ற புத்தகம்தான் நமக்கு.

---

செந்தூல்_வாசி | சனி, மாலை 5.30

ஒரு வாரமா எழுத முடியல, மன்னிக்கணும். நேத்து லீவு போட்டு நூலகம் போனேன். ஏழு புத்தகம் எடுத்து வெச்சு வெங்காய வரியைப் பார்த்தேன். அஞ்சுல "பொன்னிறமாக" மட்டும்தான், நிமிஷமும் இல்ல, அடையாளமும் இல்ல. ஒண்ணுல 3 நிமிஷம். ஒண்ணே ஒண்ணுல, ஒரு மலேசியப் புத்தகம், சம்பால் பக்கத்துல "எண்ணெய் சிவந்து மேலே மிதக்கும், வாசம் மூக்கைக் குத்தாது, கரண்டியால் தள்ளினால் சட்டியின் அடி தெரியும்"னு மலாய்ல எழுதியிருந்துச்சு. மொத்தம் 40 குறிப்புதான். அப்படியே உட்கார்ந்து முக்கால்வாசி படிச்சிட்டேன். கடையில தேடி வாங்கிட்டேன், 35 வெள்ளி. ரவாங் அண்ணன் சொன்ன இங்கிலீஷ் புத்தகத்தை அடுத்த சம்பளத்துல வாங்குவேன்.

டீச்சர், ஒரு கேள்வி. 40-ல எதைத் தொடங்குறது?

---

ஆயர்ஈத்தாம்_டீச்சர் | சனி, மாலை 6.05

மூன்றே மூன்று. பருப்பு, ரசம், ஒரு மீன். புத்தகத்தில் இல்லாததை நான் சொல்கிறேன். பருப்பில் வேக வைப்பதும் தாளிப்பதும் வரும். ரசத்தில் புளிப்பும், இறக்கும் நேரமும் வரும்: ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும்போது அணைத்துவிட வேண்டும், கொதிக்க விட்டால் மணம் போய்விடும். மீனில் மாஸ்டர் சொன்ன பொறுமை வரும். ஒரு மாதம் இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அப்பாவுக்கு அலுத்தால் மீனை மாற்றுங்கள், முறையை மாற்றாதீர்கள்.

---

செந்தூல்_வாசி | ஞாயிறு, இரவு 9.10

இன்னிக்கு மூணும் வெச்சேன் டீச்சர். பருப்பு தனியா, மூடி போட்டு 50 நிமிஷம், கரண்டியால அழுத்தினா வெண்ணெய் மாதிரி மசிஞ்சிடுச்சு. ரசத்தை நுரை வந்ததும் இறக்கிட்டேன். மீன்ல முதல் துண்டு அவசரப்பட்டுப் பிரட்டிக் கிழிஞ்சிடுச்சு. ரெண்டாவதுக்குக் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன் மாஸ்டர் அண்ணே. அதுவா சட்டியை விட்டுது, அந்தச் சத்தம் மாறுறதைக் கேட்டேன்.

அப்பா ரெண்டாவது தடவை ரசம் கேட்டாரு. அம்மா மிளகைக் கொஞ்சம் கொரகொரப்பா இடிப்பான்னு சொன்னாரு. அவர் சமையல் பத்திப் பேசி நான் கேட்டதில்ல. உடனே எழுந்து போய்ப் புத்தகத்து ஓரத்துல பென்சில்ல எழுதினேன்: "மிளகு, கொரகொரப்பா. அம்மா." அதுக்குக் கீழே: "நம்ம அடுப்பு, வெங்காயம் 13 நிமிஷம். புளி 30 கிராம். மீன், தொடாதே."